கிணற்றடிக்கு வந்த நவரங்கம்

"கொல்லையில கோழிக்குஞ்சு மாதிரி ஒண்ணு தத்திக்கிட்டுப் போவுது. வந்து பாருடா."

அம்மா கூப்பிட்டபோது காலை ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். இரவெல்லாம் மழை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு பழைய அமைப்பு. தெருப்பக்கம் திண்ணை, நடுவில் முற்றம், கடைசியில் கொல்லை. கொல்லையில் ஒரு கிணறு, துவைக்கும் கல், ஒரு மாமரம், இரண்டு வாழை. எங்களிடம் கோழி கிடையாது. அக்கம்பக்கத்திலும் யாரும் வளர்ப்பதில்லை.

சமையலறை வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். மாமரத்தடியில் நனைந்த சருகு ஒன்று புரண்டு விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகுதான் சருகைப் புரட்டுகிற அலகு தெரிந்தது, அலகுக்குப் பின்னால் பறவை தெரிந்தது. மண் நிறத்தில் உருண்டையான உடம்பு, நீண்ட கால்கள். வால் என்று சொல்ல அங்கே ஏதுமில்லை. கோழிக்குஞ்சு என்று அம்மா சொன்னது பொருத்தமான உவமைதான். அது இரண்டு தத்து தத்தி நின்றது, தலையைச் சாய்த்துக் கேட்டது, ஒரு புழுவை இழுத்தது, மறுபடி தத்தியது.

அரை மணி நேரம் போயிருக்கும். கிழக்குச் சுவரைத் தாண்டி வெயில் மாமரத்தின் கீழே ஒரு பட்டையாக விழுந்தது. பறவை அந்தப் பட்டைக்குள் தத்தி வந்தது. மண் நிறம் என்று நான் நினைத்திருந்த உடம்பில் முதுகு பச்சையானது. தோளில் பளீரென்று ஒரு நீலம். கழுத்து வெள்ளை. மார்பு சந்தனம் கலந்த மஞ்சள். வாலுக்கு அடியில், குங்குமத்தைத் தடவி விட்டதுபோல, ஒரு சிவப்பு. கண்ணை ஊடுருவிக்கொண்டு அலகிலிருந்து பிடரி வரை அகலமான ஒரு கறுப்புக் கோடு. அம்மாவும் நானும் ஒன்றும் பேசவில்லை.

பெயருக்கு முன்னால் குறிப்பு

புதிதாக ஒரு பறவையைக் கண்டதும் நம் மனம் உடனே பெயரைத் தேடி ஓடுகிறது. பெயர் கிடைத்துவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு நாம் காண்பது பெயருக்குப் பொருந்துகிற அம்சங்களை மட்டுமே. அதனால் பறவை நோக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் எழுதிவிடுவார்கள், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். அன்று என் கைக்கு எட்டியது பால் கணக்கு எழுதும் நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.

முதலில் அளவு. அங்குலக் கணக்கில் ஊகித்தால் தவறிவிடும். நன்றாகப் பழகிய பறவைகளோடு ஒப்பிட்டால் தவறாது. சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றும் நம் ஊரின் அளவுகோல்கள். என் பறவை மைனாவைவிடச் சிறியது, சிட்டுக்குருவியைவிடப் பருமன். அடுத்து உருவம்: குட்டை வால், நீளக் கால், நடுத்தரமான உறுதியான அலகு. பறவையின் அலகைப் பார்த்தால் அது என்ன சாப்பிடுகிறது என்று சொல்லிவிடலாம். விதை உடைப்பதற்குத் தடித்த கூம்பு, தேன் குடிப்பதற்கு வளைந்த ஊசி, சதை கிழிப்பதற்குக் கொக்கி. இதனுடையது மண்ணையும் சருகையும் கிளறுவதற்கு ஏற்ற அலகு. பிறகு நடத்தை: தரையில் தத்துகிறது, கிளைக்குப் போகவில்லை, தனியாக இருக்கிறது. பிறகுதான் நிறங்கள், அதுவும் இடம் குறித்து. "நீலம் இருந்தது" என்று எழுதினால் பயனில்லை. "தோளில் நீலம், தலையில் இல்லை" என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. கடைசியாக இடம், நாள், நேரம், முந்தைய இரவின் மழை.

இந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வழக்கமான பறவைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். விநோதமான பறவை ஒன்று கொல்லைக்கு வந்தால், அது நமக்குத் தெரிந்த பறவையின் தெரியாத தோற்றமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். என்னிடம் "அபூர்வப் பறவை" என்று வந்து சொன்னவர்களில் பலர் பார்த்தது பெண் குயிலைத்தான். குயில் என்றால் கறுப்பு என்று நாம் பழகியிருக்கிறோம். ஆண்தான் கறுப்பு. பெண்ணுக்குப் பழுப்பு உடம்பு, அதில் வெள்ளைப் புள்ளிகளும் பட்டைகளும், சிவந்த கண். குயில் புதுச்சேரியின் மாநிலப் பறவை. பாரதி குயில் பாட்டை எழுதியதும் இந்த ஊரில் இருந்தபோதுதான். அப்படிப்பட்ட ஊரிலேயே பெண் குயில் அறிமுகமில்லாத பறவையாக இருக்கிறது.

நிறமிக் குறைவால் அங்கங்கே வெள்ளை இறகு முளைத்த காகமும் சிட்டுக்குருவியும் உண்டு. கூண்டிலிருந்து தப்பி வந்த ஆஸ்திரேலியாவின் பட்ஜி, ஆப்பிரிக்காவின் லவ்பேர்ட், இந்தோனேசியாவின் ஜாவாச் சிட்டு ஆகியவையும் உண்டு. இவை எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் "அபூர்வம்" என்ற சொல்லுக்கு இடம்.

என் பறவைக்கு இரண்டு போட்டியாளர்கள் இருந்தார்கள். ஒன்று வெண்தொண்டை மீன்கொத்தி. பறக்கும்போது அதன் இறக்கையிலும் நீலமும் வெள்ளையும் மின்னும். ஒரு நொடிப் பார்வையில் ஏமாந்துவிடலாம். ஆனால் அதற்குப் பெரிய சிவந்த அலகும் சாக்லேட் நிறத் தலையும் உண்டு. மின்கம்பியிலும் கிளையிலும் உட்காரும், சருகைப் புரட்டாது. மற்றொன்று செந்தலைப் பூங்குருவி. இதுவும் மரத்தடிச் சருகில் இரை தேடுகிற பறவை. ஆனால் நம் தென்னாட்டுப் பூங்குருவியின் கன்னத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கும். என் பறவையின் கோடு கண் வழியே படுக்கையாக ஓடியது. வாலும் இல்லை. அந்த ஒரு படுக்கைக் கோடும் அந்தக் குட்டை வாலும் வழக்கை முடித்துவைத்தன.

வந்திருந்தது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இந்தியில் அதற்கு நவரங்க் என்று பெயர், ஒன்பது நிறம் கொண்டது என்று பொருள்.

இப்படி ஒரு குருவியின் பெயர் தெரியாமல் திகைத்த சிறுவன் ஒருவனால்தான் இந்தியப் பறவையியல் திசை மாறியது. சுமார் 1908இல், பம்பாயில், சிறுவன் சலீம் அலி தான் சுட்ட ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு குழம்பினான். மாமாவின் யோசனைப்படி அதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப்போனான். அங்கே செயலாளர் மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கண்டு சொன்னதோடு, இழுப்பறை இழுப்பறையாகப் பாடம்செய்த பறவைகளைத் திறந்து காட்டினார். "இது மற்றதைப்போல் இல்லையே" என்ற ஒரு சிறுவனின் கவனத்திலிருந்து ஒரு வாழ்நாள் வேலை தொடங்கியது.

நிழலில் ஒளியும் நீலம்

அரை மணி நேரம் அந்தப் பறவை ஏன் எனக்கு மண் நிறமாகத் தெரிந்தது? வெயிலுக்கு வந்ததும் நீலம் எங்கிருந்து வந்தது?

பறவை இறகின் நிறங்கள் இரண்டு வழிகளில் பிறக்கின்றன. ஒன்று நிறமி. காகத்தின் கறுப்பும் சிட்டுக்குருவியின் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் வருபவை. நீலம் அப்படி வருவதில்லை. பறவையின் இறகில் நீல நிறமி கிடையாது. இறகின் நுண்ணிழைகளுக்குள் கெரட்டின் என்ற பொருள் பஞ்சுபோல அமைந்திருக்கிறது. அந்தப் பஞ்சின் நுண்ணிய காற்றறைகள், ஒளியில் உள்ள நீலப் பகுதியை மட்டும் ஒன்றுசேர்த்துத் திருப்பி அனுப்பும் அளவில் இருக்கின்றன. அதற்கு அடியில் இருக்கும் மெலனின் மற்ற நிறங்களை விழுங்கிக்கொள்கிறது. நமக்குத் திரும்பி வருவது நீலம். மீன்கொத்தி உதிர்த்த நீல இறகு கிடைத்து அதை அம்மியில் வைத்து அரைத்தால் அமைப்பு நொறுங்கும், நீலமும் போய்விடும். மஞ்சளை அரைத்தால் மஞ்சளாகவே இருக்கிறது, ஏனென்றால் அது நிறமி.

மாமரத்தடியின் மங்கலில் திருப்பி அனுப்புவதற்கு ஒளியே குறைவு. நீலம் அடங்கிக் கறுப்போடு சேர்ந்துகொள்கிறது, பச்சை சருகோடு கலந்துவிடுகிறது. ஒன்பது நிறம் உடுத்திய பறவை சருகு நிறத்தில் ஒளிந்துகொள்ள முடிவது இதனால்தான். தோட்டக்கள்ளன் என்று பெயர் வைத்தவர் இதை நேரில் கண்டிருக்க வேண்டும். நமக்கு இதில் உள்ள பாடம்: பறவையை அடையாளம் காண நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. உருவமும் நடையும் நிழலில் மாறுவதில்லை.

பாண்டிச்சேரியின் பெயரைச் சுமக்கும் பறவைகள்

பறவைக்குப் பெயர் வைப்பதில் புதுச்சேரிக்குப் பழைய பங்கு உண்டு. சொல்லிவைத்தால் இந்த ஊரில் பிறந்தவர்கள் பெருமைப்படலாம், கொஞ்சம் எச்சரிக்கையும் கொள்ளலாம்.

1748இல் லியோன் நகரில் பிறந்த பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலர் 1774 முதல் 1781 வரை கிழக்கு நாடுகளில் பயணம் செய்தார். அந்த அனுபவத்தை 1782இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் மக்கள், தொழில்கள், கோயில்கள், செடிகொடிகளோடு பறவைகளையும் அதில் வரைந்து விவரித்திருந்தார். அந்தப் பறவைகளில் பலவற்றுக்கு லத்தீன் பெயர் சூட்டியவர் இந்தியாவைக் கண்ணாலும் பார்க்காத ஜெர்மானியப் பேராசிரியர் யோகான் கிமெலின். உயிர்களுக்கு லத்தீன் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் பெயரடைவு நூலை விரிவாக்கியபோது, 1789இல், சொன்னெராவைப் போன்றவர்களின் எழுத்தைப் படித்தே பெயர் வைத்தார். அப்படித்தான் நம் வயல்வெளிக் கௌதாரி "பாண்டிசெரியானஸ்" ஆனது. காட்டுக்கீச்சானும் அதே பெயரைப் பெற்றது. பாண்டிச்சேரியைச் சேர்ந்தது என்று பொருள். வானத்தில் வட்டமிடும்போது நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கருடனை, அதாவது செம்பருந்தை, பிரிசோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1760லேயே "பாண்டிச்சேரிக் கழுகு" என்று எழுதிவைத்தார். காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் சொன்னெராவே இருக்கிறார்.

இதே சொன்னெரா 1776இல் எழுதிய முந்தைய நூல் ஒன்று நியூகினித் தீவைப் பற்றியது. அதில் மூன்று வகைப் பென்குவின்களையும், சிரிப்பதுபோலக் கூவும் குக்கபரா என்ற பெரிய மீன்கொத்தியையும் அத்தீவின் பறவைகளாகக் காட்டியிருந்தார். பென்குவின்கள் தெற்கே குளிர்க் கடல்களில் வாழ்பவை, நியூகினியில் ஒன்றுகூடக் கிடையாது. குக்கபரா ஆஸ்திரேலியாவின் பறவை. சொன்னெராவின் கையில் கிடைத்தவை வேறு இடங்களில் பிடிபட்ட பறவைகள். ஆனால் அவர் எழுதியதை நம்பிய ஹெர்மன் என்ற இயற்கையியலர் 1783இல் குக்கபராவுக்கு "நியூகினியைச் சேர்ந்தது" என்று பெயர் வைத்தார். ஜென்டூ பென்குவினுக்கு, நியூகினியின் இன்னொரு பெயரான "பாப்புவா" ஒட்டிக்கொண்டது. அறிவியல் பெயரிடலில் முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை, இடம் தவறு என்று தெரிந்தாலும் பெயர் மாறாது. பனிக்கரையில் நிற்கும் பென்குவின் இன்றும் பாப்புவாவின் பெயரோடு நிற்கிறது.

சொன்னெரா வரைந்த பறவைகள் உண்மையானவை. இறகும் அலகும் சரியாகவே இருந்தன. இடம் ஒன்றுதான் பிழை. அந்த ஒரு பிழை இருநூற்று நாற்பது ஆண்டுகளாகத் திருந்தவில்லை. பறவையை அடையாளம் காண்பதில் பாதி, எங்கே எப்போது கண்டோம் என்பதை உள்ளபடி எழுதிவைப்பது. பால் கணக்கு நோட்டில் நான் எழுதிய தேதிக்கும் தெருப்பெயருக்கும் அந்த மதிப்பு உண்டு.

ஆறுமணிக்குருவியின் அறிவியல் பெயருக்கும் நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. 1766இல் லின்னேயஸ் இதைக் காகங்களின் பேரினத்தில் சேர்த்து, "குட்டைவால்" என்ற பொருளில் "பிராக்கியூரஸ்" என்று பெயரிட்டார். 1816இல் வியேயோ என்ற பிரெஞ்சுக்காரர் இதைப்போன்ற பறவைகளுக்குத் தனிப் பேரினம் வகுத்து "பிட்டா" என்று அழைத்தார். பிட்டா என்பது தெலுங்குச் சொல், சிறு பறவை என்று பொருள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த யானாமில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லும். ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள இதன் உறவுப் பறவைகளையும் பிட்டா என்ற அந்தத் தெலுங்குச் சொல்லால்தான் உலகம் அழைக்கிறது.

ஆறு மணி ஏன்?

அன்று மாலை துணி எடுக்கப் போன அம்மா உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறுகூட ஆவல, அதுக்குள்ள சீட்டி அடிக்குது." வெளியே போய் நின்றேன். வாழையடியிலிருந்து இரண்டு சுரங்களில் தெளிவான ஒரு சீழ்க்கை. முதல் சுரம் ஏறும், இரண்டாவது இறங்கும். மனிதன் ஒருவன் யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். மறுநாள் விடியலில் அதே சீழ்க்கை.

இந்தப் பறவை விடியும் வேளையிலும் இருட்டும் வேளையிலும் கூவும். இது கடிகாரத்தை அறியாது, வெளிச்சத்தைத்தான் அறியும். ஆனாலும் ஆறு மணி என்று பெயர் வந்ததற்கு நம் நிலம் இருக்கும் இடம் காரணம். புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. இங்கே சூரிய உதயமும் அஸ்தமனமும் ஆண்டு முழுவதும் ஆறு மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் விலகுவதில்லை. பறவை வந்துசேரும் ஐப்பசியில் இரண்டுமே ஏறக்குறைய ஆறு மணிக்குத்தான். லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி தாண்டிவிடும். இதே பறவை அங்கே வாழ்ந்திருந்தால் இந்தப் பெயர் பிறந்திருக்காது. இலங்கைத் தமிழரும் இதை ஆறுமணிக்குருவி என்றே அழைக்கிறார்கள். சிங்களத்தில் அவிச்சியா. மயில் தன் ஆடையைத் திருடிக்கொண்டதென்று இந்தப் பறவை முறையிடுவதாக அங்கே ஒரு கதை உண்டு.

ஒரு நல்ல நாட்டுப்பெயர் இப்படித்தான் இருக்கும். பறவையின் குணம், அது வாழும் நிலம், வரும் காலம் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும்.

இரண்டு மழைகளுக்கு நடுவே

இந்தப் பறவை புதுச்சேரியில் முட்டையிடுவதில்லை. இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே மண் ஈரமாக இருக்கும், புழுவும் பூச்சியும் பெருகும். மழை விட்டு மண் காயத் தொடங்கும்போது தெற்கே கிளம்புகிறது. நம் கரையில் அது வந்திறங்கும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. உலர்ந்து கிடந்த கொல்லைச் சருகு ஊறி, அடியில் உயிர்கள் பெருகும் நேரம் அது. சில பறவைகள் குளிர்காலம் முழுக்க இங்கே தங்கும், சில இலங்கைக்குப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி வடக்கே பயணம். ஒரே நாட்டின் இரண்டு பருவமழைகளை இரண்டு வீடுகளாக வைத்துக்கொண்டு வாழ்கிற பறவை இது.

இமய அடிவாரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். கையளவுப் பறவை, எடை ஐம்பது அறுபது கிராம், அதாவது ஒரு கோழிமுட்டை கனம். பயணம் இரவில். இரவுக் காற்று குளிர்ந்தது, கலக்கம் குறைந்தது, வல்லூறுகளின் தொல்லையும் இல்லை. பகலை இரை தேடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நகரத்து விளக்குகள் இரவுப் பயணிகளைக் குழப்புகின்றன. புயல்மழையில் சோர்ந்தும் வெளிச்சத்தில் தடுமாறியும் ஆறுமணிக்குருவிகள் மாடிகளிலும் முற்றங்களிலும் கண்ணாடிச் சன்னல்களுக்குக் கீழும் விழுந்து கிடப்பது தமிழகக் கடலோர ஊர்களில் ஒவ்வோர் ஐப்பசியிலும் நடக்கிறது. அரிய பறவைகளைத் தேடி நாம் தொலைநோக்கியோடு ஊசுட்டேரிக்குப் போகிறோம். 2008இல் சரணாலயமான அந்த ஏரி நீர்ப்பறவைகளுக்கு உரிய இடம். ஆறுமணிக்குருவிக்கு வேண்டியது ஒரு மரநிழலும் கொஞ்சம் சருகும். அதனால்தான் அது நம் கொல்லைக்கு வருகிறது.

அபூர்வம் என்ற சொல்

ஆறுமணிக்குருவி அபூர்வப் பறவையா? உலகக் கணக்கில் இல்லை. அழியும் நிலைப் பட்டியலில் அது கவலைக்குரிய இடத்தில் வைக்கப்படவில்லை. ஆனால் முத்தியால்பேட்டையின் ஒரு கிணற்றடிக்கு அது அபூர்வம்தான்.

அபூர்வம் பலவகை. உலகிலேயே எண்ணிக்கை குறைந்துபோன பறவை ஒருவகை. ஆந்திரத்தின் புதர்க்காட்டில் வாழும் ஜெர்டன் கல்குருவியை 1900க்குப் பிறகு யாரும் பதிவு செய்யவில்லை, அழிந்துவிட்டது என்றே கருதினார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் பரத் பூஷண், கடப்பைப் பகுதியில் மக்களிடம் படத்தைக் காட்டி விசாரித்தார். உள்ளூர் வேடர் ஒருவர் அதை அறிந்திருந்தார், கலிவிக்கோடி என்று அதற்குத் தெலுங்கில் பெயரும் இருந்தது. 1986 ஜனவரியில் அந்தப் பறவை கைக்குக் கிடைத்தது. நூல்கள் தொலைத்துவிட்ட பறவையை ஊர்மக்களின் நினைவு காத்துவைத்திருந்தது.

தன் எல்லையை விட்டு வழிதவறி வந்த பறவை இன்னொரு வகை. பருவத்துக்கு மாறாக வந்த பறவை வேறொரு வகை. நான்காவது வகையைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம்: ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தும் நம் கண்ணில் படாத பறவை. எங்கள் மாமரம் என் தாத்தா நட்டது. அதன் நிழலுக்கு எத்தனை ஐப்பசிகளில் எத்தனை குருவிகள் வந்து போயினவோ, நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக் கொல்லையில் ஒருவர் கண்டது தனியாக நிற்கும்போது ஒரு நினைவு. ஆயிரம் பேருடையதோடு சேரும்போது அது அறிவாகிறது. 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு 2013 முதல் உலகம் முழுவதும் பிப்ரவரியில் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இபேர்ட் என்ற தரவுத்தளத்தில் இப்படிச் சாதாரண மக்கள் இட்ட பதிவுகளைக் கொண்டே 2023ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்குப் பதிவு தந்தவர்கள் 30,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை.

விருந்தாளிக்குச் செய்ய வேண்டியது

பறவை நலமாக இருந்தால் விலகி நில்லுங்கள். படம் எடுப்பதற்காகத் துரத்த வேண்டாம், கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு அழைக்க வேண்டாம். வடக்கிலிருந்து பறந்து வந்து பசியோடு இரை தேடும் பறவைக்கு ஒவ்வொரு நிமிடமும் தேவை. வீட்டில் பூனை இருந்தால் சில நாட்களுக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

சன்னலில் மோதியோ சோர்ந்தோ விழுந்து கிடந்தால், காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, மெதுவாக உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். சோறும் பாலும் அதன் உணவு அல்ல. பல பறவைகள் ஓரிரு மணி நேர ஓய்வில் தெளிந்துவிடும். தெளிந்ததும் மரநிழலில் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வளர்ப்பது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் 2,000 கிலோமீட்டர் பறக்கத் தெரிந்த உயிருக்குக் கூண்டு ஒரு வீடாக முடியாது.

எங்கள் கொல்லையில் அது நான்கு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் விடியலில் சீழ்க்கை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டார். தினமும் காலையில் கொல்லை முழுவதையும் கூட்டிச் சருகைக் குப்பையில் கொட்டுபவர், மாமரத்தடியை மட்டும் விட்டுவைக்கிறார்.

இதைப் படிக்கும் நீங்களும் அதைச் செய்யலாம். புரட்டாசி முடிவதற்குள் கொல்லையிலோ வீட்டோரத்திலோ ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள். இரவில் வெளி விளக்கை அணையுங்கள். ஒரு நோட்டை சமையலறையில் வையுங்கள். காலை ஆறு மணிக்குச் சருகு அசைந்தால், பெயரைத் தேடும் முன் நாளையும் இடத்தையும் எழுதுங்கள்.